பகலில் உருகும் நீர் இரவில் எங்கே போகிறது?

கேள்வி: நாங்கள் குளிர்நாட்டுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆற்றிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவில், சற்றுத் தாழ்வான இடத்தில், நிலவறையுடன் கூடிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். சென்ற வசந்தத்தில் நிலவறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் புகுந்துவிட்டது. என் கணவர் பம்ப் வைத்து அதை வாசலில் கார் நிறுத்தும் பாதையில் இறைத்துவிட்டார். மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு வேலைக்குக் கிளம்பிய நான் அதே இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டேன். இந்த ஆண்டும் பனி நிறையப் பெய்திருக்கிறது. வெள்ளத்துக்கும் வழுக்கும் சாலைக்கும் எப்படித் தயாராவது? என் மாமியார் நிலவறையில் உள்ள அறையில்தான் தூங்குகிறார். மேலே வரச் சொன்னால் மறுக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மணிக்கட்டு நன்றாகக் கூடிவிட்டது என்று நம்புகிறேன். வடிகால், வெள்ளத் தடுப்புப் பணிகளில் நெடுநாள் ஈடுபட்டிருக்கும் பொறியாளர் என்ற முறையில் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் வெள்ளம், சாலை என்று இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாலும், உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவை ஒரே கேள்வியாகத்தான் எனக்குத் தோன்றின. பகலில் உருகும் தண்ணீர் வீட்டுக்குள் போனால் அதை வெள்ளம் என்கிறோம். அதே தண்ணீர் சாலைக்குப் போய் இரவில் உறைந்தால் வழுக்கல் என்கிறோம். நிலவறையிலிருந்து வெளியேற்றிய நீர்தான் உங்களை வாசலில் வீழ்த்தியது. ஆகவே, தண்ணீரை வெளியேற்றுவது எப்படி என்று யோசிப்பதோடு நின்றுவிடாமல், வெளியேறிய தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் இந்த ஆண்டு நீங்கள் யோசித்தாக வேண்டும்.

முதலில் உங்கள் முற்றத்தில் எவ்வளவு தண்ணீர் காத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். புதிதாகப் பெய்த பனியில் காற்றே அதிகம். 25 சென்டிமீட்டர் புதுப்பனி உருகினால் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் தண்ணீர்தான் கிடைக்கும். ஆனால் குளிர்காலம் முழுவதும் படிந்து, இறுகி, ஓரளவு உருகி மீண்டும் உறைந்த பழைய பனியில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். இதை நீங்களே அளந்து பார்க்கலாம். பக்கங்கள் நேராக உள்ள உயரமான தகர டப்பா ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பனியில் தரை வரை அழுத்தி, உள்ளே அகப்பட்ட பனி சிந்தாமல் எடுத்து, சமையலறையில் வைத்து உருகவிட்டு, டப்பாவில் நிற்கும் நீரின் உயரத்தை ஓர் அளவுகோலால் அளந்து பாருங்கள். அது 10 சென்டிமீட்டர் என்றால், 400 சதுர மீட்டர் பரப்புள்ள மனையில் 40,000 லிட்டர் தண்ணீர் பனியாகப் படுத்திருக்கிறது என்று பொருள். அடியில் மண் இன்னும் உறைந்திருப்பதால் அதில் பெரும்பகுதியை நிலம் உறிஞ்சிக்கொள்ளாது. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஓடும். இதன்மீது ஒரு மழையும் பெய்துவிட்டால், பத்து நாளில் மெல்ல வடிய வேண்டிய நீர் ஓரிரு நாளில் வந்து இறங்கும். வசந்தகால வெள்ளங்களில் மிக மோசமானவை பலவும் உருகும் பனிமீது மழை பெய்தபோது வந்தவையே.

ஆற்றைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் சேர்கிறது. உடைந்த பனிக்கட்டிப் பாளங்கள் நீரோட்டத்தில் வந்து, வளைவிலோ பாலத்தூண்களிலோ ஆழமற்ற இடத்திலோ சிக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி அணைபோல் நின்றுவிடும். அதற்குப் பின்னால் நீர்மட்டம் நாட்கணக்கில் அல்ல, சில மணி நேரத்திலேயே, சில சமயம் அதற்கும் குறைவான நேரத்திலேயே உயர்ந்துவிடும். அணை உடையும்போது கீழ்ப்பகுதிக்காரர்களுக்கு அதே வேகத்தில் நீர் வந்து சேரும். ஆற்று நீர்மட்டம் பற்றிய முன்னறிவிப்பை நாள்தோறும் பாருங்கள். ஆனால் அது சொல்லும் எண்ணை உச்சவரம்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் 1997 ஏப்ரலில் ரெட் ஆறு 49 அடி வரை உயரும் என்று முன்னறிவித்திருந்தார்கள். அது 54 அடியைத் தாண்டியது. அந்த ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது. தெற்கே பனி உருகி நீர் பெருகும் வேளையில் வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடப்பதால், நீர் தேங்குவதற்கு அந்த ஆற்றின் அமைப்பே காரணமாகிவிடுகிறது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், கனடாவின் வினிபெக் நகரைச் சுற்றி 1962 முதல் 1968 வரை வெட்டப்பட்ட வெள்ளக் கால்வாய் 1997 வெள்ளத்தின் கணிசமான பகுதியை நகருக்கு வெளியே திருப்பிவிட்டது. தண்ணீர் வரும்முன் அது போவதற்கு ஒரு பாதையை வெட்டிக் கொடுத்தார்கள். உங்கள் மனையிலும், அளவில் சிறியதாக, அதையேதான் செய்யச் சொல்கிறேன்.

உருகத் தொடங்குவதற்கு முன்பே, வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிந்திருக்கும் பனியைக் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அகற்றி, நிலம் வீட்டிலிருந்து விலகிச் சரியும் பக்கத்தில் கொட்டுங்கள். கார் நிறுத்தும் பாதைக்கு மேட்டுப்பக்கமாகக் குவிக்க வேண்டாம். பகலில் அந்தக் குவியலிலிருந்து கசியும் நீர் பாதையைக் குறுக்கே கடந்து ஓடி, இரவில் கண்ணாடிபோல் உறையும். இதைக் கவனிக்காத வீடுகளே அதிகம். பனியை அள்ளுகிறவர் கை எட்டும் பக்கம் கொட்டுகிறாரே தவிர, அது உருகி எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்பதில்லை. நிலவறை ஜன்னல் குழிகளில் உள்ள பனியையும் அள்ளிவிடுங்கள். கூரை நீர்க்குழாயின் அடிமுனையில் ஒரு நீட்டுக்குழாய் பொருத்தி, நீர் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி விழும்படி செய்யுங்கள். வீட்டெதிரே தெருவில் மழைநீர் வடிகால் இருந்தால் அதன் இரும்புச் சட்டத்தின் மேலுள்ள பனிக்கட்டியை, பாதுகாப்பாகச் செய்ய முடிந்தால், உடைத்து வழிவிடுங்கள்; அரை மணி நேர வேலை அது, பல வீடுகளுக்குப் பயன்படும்.

இனி பம்ப். நிலவறைத் தரையில் பள்ளம் அமைத்து, அதில் சேரும் நீரைத் தானாக வெளியேற்றும் சம்ப் பம்ப் பொருத்தியிருந்தால், இந்த வாரமே அதைச் சோதித்துப் பாருங்கள். மூடியைத் திறந்து, ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மிதவை நீரோடு மேலே எழ வேண்டும். குறிப்பிட்ட மட்டம் வந்ததும் ‘டக்’ என்ற ஓசையுடன் மோட்டார் ஓடத் தொடங்க வேண்டும். நீர் குறைந்ததும் தானே நிற்க வேண்டும். மோட்டார் உறுமுகிறது, ஆனால் நீர் குறையவில்லை என்றால் உறிஞ்சும் வாயில் சரளையோ சேறோ அடைத்திருக்கலாம், அல்லது வெளியே செல்லும் குழாய் உறைந்திருக்கலாம். மிதவை பள்ளத்தின் சுவரில் சிக்கிக்கொள்கிறதா என்று உற்றுப் பாருங்கள். மோட்டாரில் கோளாறே இல்லாமல் மிதவை சிக்கியதால் மட்டும் மூழ்கிய நிலவறைகளைப் பார்த்திருக்கிறேன். சம்ப் பம்ப் இல்லாமல், சென்ற முறை கணவர் பயன்படுத்தியது எடுத்து வைக்கும் பம்ப்தான் என்றால், முறையான பள்ளமும் தானியங்கிப் பம்பும் பொருத்துவதே இந்த ஆண்டு நீங்கள் செய்ய வேண்டிய முதற்செலவு. மற்ற எதையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பம்ப் தள்ளும் நீர் எங்கே விழுகிறது என்பதில்தான் சென்ற ஆண்டு தவறு நேர்ந்தது. குழாயின் முனை சுவரிலிருந்து 2 மீட்டருக்கு மேல் தள்ளி, வீட்டிலிருந்து விலகிச் சரியும் புல்வெளியிலோ வடிகால் பள்ளத்திலோ இருக்கட்டும். கார் நிறுத்தும் பாதை, நடைபாதை, அண்டை வீட்டாரின் மனை ஆகிய மூன்றிலும் விட வேண்டாம். கழிவுநீர்க் குழாயில் விடுவதைப் பல ஊர்களில் சட்டமே தடுக்கிறது. அந்தக் குழாய் நிரம்பினால் கழிவு திரும்ப உங்கள் வீட்டுக்கே வரும் என்பதால் அந்தத் தடை நியாயமானதும்கூட. குழாயை முழு நீளத்துக்கும் கீழ்நோக்கிச் சரிவாக வையுங்கள். இடையில் தொய்வு இருந்தால் அங்கே தேங்கும் நீர் இரவில் உறைந்து குழாயை அடைத்துவிடும். பம்ப் நின்ற ஒவ்வொரு முறையும் வெளிக்குழாயில் உள்ள நீர் முழுவதும் வடிந்துவிட வேண்டும்.

காற்றும் மழையும் சேர்ந்து வரும் இரவில் மின்சாரம் போவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால், மின்கலத்தில் ஓடும் துணைப் பம்ப் ஒன்று இருப்பது நல்லது. ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதை வீட்டுக்குள்ளோ கார் கொட்டகையிலோ ஒருபோதும் ஓட்ட வேண்டாம். கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வெளியே வையுங்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் அதற்குப் பலியான நிகழ்வுகள் உண்டு. கழிவுநீர் பின்வாங்கி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு உங்கள் குழாயில் இருக்கிறதா என்று ஒரு பிளம்பரை அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நிலவறைத் தரையில் உள்ள அட்டைப் பெட்டிகளை மேலே கொண்டுபோய்விடுங்கள். கடவுச்சீட்டு, வீட்டுப் பத்திரம், பழைய புகைப்படங்கள் எல்லாம் முதலில் போகட்டும்.

காப்பீட்டுப் பத்திரத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு குழாய் உடைந்து வரும் நீருக்கு ஈடு தரும். ஆறு பெருகி நிலத்தின் மேல் ஓடிவரும் வெள்ளத்துக்குப் பெரும்பாலும் தராது. கழிவுநீர் பின்வாங்குவதற்கான ஈட்டையும் பல நிறுவனங்களில் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளக் காப்பீடு எடுத்த அன்றே நடைமுறைக்கு வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பொதுவாக 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. ஆறு பெருகத் தொடங்கிய பின் தொலைபேசியை எடுப்பதில் பயனில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால், கீழே இறங்கும்முன் நில்லுங்கள். மின்சுவிட்ச், சொருகி, மின்பெட்டி ஆகியவற்றை நீர் எட்டியிருக்கலாம் என்றால் அந்த நீரில் கால் வைக்கக் கூடாது. மெயின் சுவிட்ச் உலர்ந்த இடத்தில் இருந்து, உலர்ந்த தரையில் நின்றபடியே எட்ட முடிந்தால் மட்டும் அணையுங்கள், இல்லையென்றால் மின்வாரியத்தை அழையுங்கள். நிலவறை ஆழமாக நிரம்பிவிட்டால் ஒரே மூச்சில் இறைத்துத் தீர்க்க வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் வரும். அதுவும் ஆபத்து. வெளியே மண் ஊறியிருக்கும்போது உள்ளே உள்ள நீரைச் சட்டென்று அகற்றினால், வெளிப்புற அழுத்தத்தைத் தாங்காமல் சுவர் உள்நோக்கிச் சரியலாம். வெளியே நீர் வடிந்த பிறகு, நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் இறைப்பதே முறை.

இனி உங்கள் விடியற்காலைப் பயணத்துக்கு வருகிறேன். ஒரு நாளின் மிகக் குளிர்ந்த நேரம் பெரும்பாலும் சூரியன் உதிக்கும் வேளையை ஒட்டியே வருவதால், நீங்கள் கிளம்பும் 5 மணி முந்தைய பகலில் உருகியோடிய நீர் முழுவதும் உறைந்து முடிந்திருக்கும் நேரம். கடுங்குளிர் நாளைவிட பூஜ்யம் டிகிரியை ஒட்டிய நாளுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்; பனிக்கட்டியின் மேல் மெல்லிய ஈரப்படலம் இருக்கும்போது அது மிக அதிகமாக வழுக்கும். வானிலை அறிவிப்பில் 2 டிகிரி என்று சொல்வது தரைக்கு மேலே ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் அளக்கும் காற்றின் வெப்பநிலை. மேகமற்ற இரவில் சாலையின் மேற்பரப்பு அதைவிடக் குளிர்ந்து உறைநிலைக்குக் கீழே போயிருக்கலாம். பாலங்களின் அடியிலும் குளிர்காற்று வீசுவதால் அவை மற்றச் சாலையைவிட முன்னதாக உறைந்துவிடும். ஈரமாக மின்னும் சாலையில் முன்னே போகும் வண்டியின் சக்கரம் நீர்த்திவலைகளைத் தெறிக்கவில்லை என்றால், அங்கே இருப்பது நீரல்ல, பிளாக் ஐஸ் என்று சொல்லப்படும் கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டி.

பனிக்கட்டியில் வண்டி நிற்பதற்கு உலர்ந்த சாலையைவிடப் பத்து மடங்கு தூரம் வரை தேவைப்படலாம். வழக்கமாக முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே 2 வினாடி இடைவெளி விடுகிறீர்கள் என்றால், அத்தகைய காலையில் 8 முதல் 10 வினாடியாவது விடுங்கள். அதற்கு மேல் விட்டாலும் தவறில்லை. பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பாலத்தின் மேல் பிரேக்கையோ ஸ்டியரிங்கையோ சட்டென்று அசைக்காமல் கடந்து செல்லுங்கள். வண்டி சறுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நீங்கள் போக வேண்டிய திசையைப் பார்த்து அந்தப் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். மோதப்போகும் கம்பத்தைப் பார்த்தால் கையும் அங்கேயே போகும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரங்கள் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பிரேக் மிதி காலடியில் அதிரும்; அது பழுதன்று, காலை எடுக்காமல் அழுத்தியபடியே இருங்கள். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். வெயில் வந்துவிட்டதே என்று குளிர்கால டயர்களை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயே இறுகத் தொடங்கும் என்பதால், விடியற்காலை வெப்பநிலை தொடர்ந்து அதற்கு மேல் நிற்கும் வரை காத்திருங்கள்.

உப்பு எல்லாக் குளிருக்கும் மருந்தன்று. சாதாரண உப்பு ஏறத்தாழ மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்தக் குளிரில் மணல் தூவுவதே பிடிமானம் தரும். உங்கள் வாசலுக்கு நான் சொல்வது, மாலையில் உருகல் நின்றதும், இருட்டும் முன்பே, ஈரத்தைத் தள்ளிவிட்டுச் சிறிதளவு உப்போ மணலோ தூவிவிடுங்கள். உறைந்த பின் காலையில் அரை மூட்டை கொட்டுவதைவிட, உறையும் முன் மாலையில் இரண்டு கைப்பிடி மேல். நடக்கும்போது கைகளைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்து, உடல் எடையை முன்காலின் மேல் வைத்துக் குறுகிய அடிகளாக வையுங்கள். பிடிமானத்துக்குக் காலணியில் மாட்டும் கூர்ப்பட்டைகள் கிடைக்கின்றன. கதவருகே ஒரு ஜோடி எப்போதும் இருக்கட்டும். மணிக்கட்டு ஒருமுறை முறிந்தவருக்கு இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

சாலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இவை எதுவும் பொருந்தாது. ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே நிற்கும் மனிதரை வீழ்த்திவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய கார்கள் பலவற்றை மிதக்கவைக்கும். 60 சென்டிமீட்டர் பெரிய வண்டிகளையும் இழுத்துச் செல்லும். மேலே பனிக்கட்டி மூடியிருந்தால் ஆழம் தெரியாது, அடியில் சாலையே அரித்துப் போயிருந்தாலும் தெரியாது. வேலைக்குத் தாமதமானாலும் திரும்பிவிடுங்கள். ஆற்றையும் தாழ்வான இடங்களையும் கடக்காத மாற்றுவழி ஒன்றை ஒரு விடுமுறை நாள் பகலில் ஓட்டிப் பார்த்து, எத்தனை நிமிடம் கூடுதலாகிறது என்று குறித்து வையுங்கள். முடிந்தால் உங்கள் மேலதிகாரியிடமும் இப்போதே அந்தத் தாமதத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். வண்டியில் போர்வை, கைவிளக்கு, சிறு மண்வாரி, ஒரு பை மணல் இருக்கட்டும். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். வீட்டில் மூன்று நாளைக்குத் தேவையான மருந்தும் உணவும், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் குடிநீரும் எடுத்து வையுங்கள்.

உங்கள் மாமியார் மேலே வர மறுப்பதற்கு அவர் பக்கம் ஒரு காரணம் இருக்கும். தமக்கென்று இருக்கும் ஒரே அறையை விட்டுவிட்டு, கூடத்தில் எல்லாருக்கும் நடுவே படுக்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சமாக இருக்கலாம். படியேற முழங்கால் ஒத்துழைக்காமல் இருக்கலாம். அதை முதலில் அவரிடமே கேளுங்கள். அறையைக் காலிசெய்யச் சொல்ல வேண்டாம். பனி உருகும் சில வாரங்களுக்கு இரவில் மட்டும் மேலே படுத்தால் போதும் என்று சொல்லுங்கள். வெள்ளம் இரவில் வந்தால், இருட்டில், குளிர்ந்த நீரில், ஒரே ஒரு படிக்கட்டு வழியாக முதியவர் ஒருவர் ஏறி வருவது மிகக் கடினம். அந்த நீரில் மின்சாரமும் பாய்ந்திருக்கலாம் என்பதால் உங்களாலும் இறங்கிப் போய் அவரைத் தூக்கிவர முடியாது. இதை மறைக்காமல், பயமுறுத்தாமல், உங்கள் கணவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பிறகு மேலே ஒரு மூலையில் திரையிட்டு, அவருடைய தலையணையையும் மருந்துப் பெட்டியையும் கண்ணாடியையும் பகலிலேயே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். தம் பொருள்கள் மேலே இருப்பதைப் பார்த்தால் அவரும் எளிதாக வந்துவிடுவார். அந்த இரவுகளில் நிலவறைத் தரையில், பம்ப் இருக்கும் பள்ளத்துக்கு அருகே, நீர் பட்டால் ஒலிக்கும் சிறிய எச்சரிக்கை மணி ஒன்றை வைத்து, அதன் ஓசை மேல்மாடியில் உங்கள் படுக்கையறைக்குக் கேட்கிறதா என்று கதவைச் சாத்தி ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.